நீச்சல் அணி: பிள்ளைகளைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடைக்கால முகாமில் பிள்ளை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீந்திவிட்டால், அடுத்த மாதமே போட்டி அணியில் சேர்க்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள். 25 மீட்டரைத் தம் பிடித்துக் கடப்பது வேறு, அணிப் பயிற்சியைத் தாங்குவது வேறு. நிற்காமல் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல், 50 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் (மல்லாந்து நீந்துவது), சுவரை உதைத்து உடம்பை நேராக நீட்டி ஐந்து மீட்டர் சறுக்குவது ஆகிய மூன்றும் வரட்டும். மூச்செடுக்கும் விதத்தையும் கவனியுங்கள். தலை பக்கவாட்டில் திரும்பாமல் முன்னால் நிமிர்ந்தால் இடுப்பு இறங்கும், கால் மூழ்கும். அதைத் திருத்தாமல் தூரத்தைக் கூட்டினால் தவறுதான் ஊறிப்போகும்.

வயதை வைத்தே லேன் (குளத்தில் கயிறு கட்டிப் பிரித்த நீச்சல் பாதை) பிரிப்பது இன்னும் பெரிய தவறு. 50 மீட்டர் எட்டு முறை, 75 நொடிக்கு ஒருமுறை கிளம்ப வேண்டும் என்று கோச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 60 நொடியில் முடிக்கும் பிள்ளைக்கு 15 நொடி ஓய்வு கிடைக்கும். 73 நொடியில் வருகிற பிள்ளைக்கு இரண்டே நொடி. மூன்றாவது சுற்றிலேயே முழங்கை தாழும், கால் உதைப்பு ஓயும். கற்ற நுட்பமெல்லாம் அங்கேதான் கெடுகிறது. 12 வயதில் தொடங்கும் பிள்ளைக்குச் சின்னவர்களோடு நீந்தக் கூச்சம் இருக்கும். அதே நிலையிலுள்ள பெரிய பிள்ளைகளோடு ஒரு லேன் ஒதுக்கக் கேளுங்கள்.

எட்டு வயதுப் பிள்ளை எவ்வளவு வேகமாக நீந்தினாலும் 14 வயதுக்காரர்களின் பயிற்சி அளவு அதற்கு வேண்டாம். லேனைத் திறமை தீர்மானிக்கட்டும். தூரத்தையும் நாட்களையும் வயது தீர்மானிக்கட்டும். பத்து வயதுக்குள் வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் போதும். கையில் மாட்டி நீந்தும் தகடான ஹேண்ட் பேடில் வளரும் தோளுக்குச் சுமை, அது அந்த வயதில் கூடவே கூடாது.

ஒரே ஸ்ட்ரோக்கில் (நீச்சல் முறையில்) சீக்கிரமே நிறுத்திவிடாமல் ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை ஆகிய நான்கையும் பழக்குங்கள். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். பயிற்சியில் ஒரு கையால் தொட்டே பழகியவர்கள் போட்டியில் தகுதி இழப்பார்கள்.

25 மீட்டர் குளத்து நேரத்தை வைத்துக்கொண்டு 50 மீட்டர் குளத்தில் அதையே எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. 100 மீட்டருக்குச் சின்னக் குளத்தில் திரும்பும்போது மூன்று முறை சுவரை உதைத்து வேகம் எடுக்கலாம். சென்னை வேளச்சேரியில் உள்ளது போன்ற 50 மீட்டர் குளத்தில் ஒரே முறைதான். நேரம் கூடுவது இயல்பு, பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. போட்டி தொடங்கும் மேடையிலிருந்து டைவ் அடிக்கும் முனையில் ஆழம் குறைந்தது 1.35 மீட்டர் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. தொடக்கநிலைப் பிள்ளைகள் செங்குத்தாக இறங்குவார்கள் என்பதால் அவர்களுக்கு அதைவிடவும் ஆழம் தேவை. மூன்றரை அடி முனையில் டைவ் பழக்கினால் தலை தரையில் மோதக்கூடும். நீருக்கடியில் யார் அதிக நேரம் இருப்பது என்ற பந்தயத்தையும் அனுமதிக்காதீர்கள். வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு மூழ்கினால், மூச்சு முட்டும் உணர்வு வருமுன்பே நினைவு தப்பிவிடலாம். பெரும்பாலும் கைகால் உதறல்கூட இருக்காது. கோச் நேரம் பார்த்துக்கொண்டிருக்கையில் கரையில் நின்று பிள்ளைகளை மட்டும் கண்காணிக்கும் உயிர்காப்பாளர் யார் என்று சேர்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.