கோலாலம்பூர் கோபுரங்களில் எது உயரம்? பலரும் செய்யும் தவறுகள்

ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்தால் கேஎல்சிசி பூங்காவுக்கு அழைத்துப்போவது இங்கே நம் வீடுகளில் வழக்கம். போன முறை திருச்சியிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். அங்கே நிற்கும் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "உலகத்திலேயே பெரிசு இதுதானேப்பா?" என்று கேட்டார். அவர் பள்ளிக்கூடப் பொது அறிவுப் புத்தகங்களை நிறைய வாங்கிப் படிப்பவர். அவர் படித்த காலத்தில் அது சரிதான். 1998 முதல் 2004 வரை பெட்ரோனாஸ்தான் முதலிடம். பிறகு தைவானில் 508 மீட்டரில் தைப்பே 101 வந்தது. இரட்டைக் கோபுரங்களில் இன்றும் உலகின் உயரமானது பெட்ரோனாஸ்தான் என்றாலும், இந்த நகரத்துக்குள்ளேயே அதற்கு இப்போது மூன்றாம் இடம். முதலிடம் 678.9 மீட்டர் உயரமுள்ள மெர்டேக்கா 118. அடுத்தது எக்ஸ்சேஞ்ச் 106. அதற்கும் பெட்ரோனாஸின் 451.9 மீட்டருக்கும் இடையே வித்தியாசம் இரண்டு மீட்டர்கூட இல்லை.

பழைய தகவலைச் சொல்வதாவது சுலபமாகத் திருத்தக்கூடிய தவறு. பெரிய தவறு, எதிலிருந்து எதுவரை அளந்தார்கள் என்று கேட்காமலே உயரத்தைச் சொல்வது.

பெட்ரோனாஸ் முழுதாகக் கட்டி முடியும் முன்பே, 1996-இல், இதை வைத்துப் பெரிய வாக்குவாதமே நடந்தது. அதுவரை முதலிடத்தில் இருந்தது சிகாகோவின் சியர்ஸ் டவர். அதன் கூரை 442 மீட்டர். அதற்கு மேல் நின்ற ஆன்டெனாக்களையும் சேர்த்தால் 500 மீட்டரைத் தாண்டும். பெட்ரோனாஸின் கூர்முனையோ 451.9 மீட்டர். உயர்ந்த கட்டடங்களுக்கான உலக மன்றம் கூர்முனையைக் கணக்கில் சேர்த்தது, ஆன்டெனாவைச் சேர்க்கவில்லை. சிகாகோக்காரர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? ஆள் புழங்கும் கடைசித் தளத்தைப் பார்த்தால் அவர்களுடையது 412 மீட்டருக்கு மேல், நம்முடையது 375தான்.

இந்த விதி குழப்பினால் கோயில் கோபுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கலசம் கோபுரத்தோடு சேர்ந்தது. அதை எடுத்துவிட்டால் கோபுரம் மூளி. திருவிழாவுக்காக மேலே கட்டிய ஒலிபெருக்கிக் குழாயை யாரும் கோபுரத்தின் உயரத்தில் சேர்ப்பதில்லை. கூர்முனை கலசம், ஆன்டெனா குழாய். எனக்கு இந்தக் கணக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் கலசம் எவ்வளவு நீளம் என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். மெர்டேக்கா 118-ஐ உலகின் இரண்டாவது உயரமான கட்டடம் என்கிறோம். அதில் ஆள் ஏறக்கூடிய கடைசித் தளம் ஏறக்குறைய 500 மீட்டரில் முடிந்துவிடுகிறது, மேலே இருப்பதில் பெரும்பகுதி கூர்முனை. 632 மீட்டர் ஷாங்காய் டவரில் 580 மீட்டருக்கு மேலும் மனிதர்கள் போகலாம். "இரண்டாவது" என்பது பொய்யில்லை, எந்த அளவில் இரண்டாவது என்பதுதான் கேள்வி.

அடுத்த குழப்பம் கேஎல் டவர். நகரின் பல இடங்களிலிருந்து பார்த்தால் இரட்டைக் கோபுரத்தைவிட அது உயரமாகத் தெரியும். உண்மையில் அதன் உயரம் 421 மீட்டர். புக்கிட் நானாஸ் குன்றின் மேல் நிற்பதால், குன்றின் உயரமும் சேர்ந்து நம் கண்ணை ஏமாற்றுகிறது. அப்புறம், அது கட்டடப் பட்டியலிலேயே வராது. மொத்த உயரத்தில் பாதியாவது மனிதர் புழங்கும் தளங்களாக இருந்தால்தான் கட்டடம் என்பது மன்றத்தின் கணக்கு. கேஎல் டவர் தொலைத்தொடர்புக் கோபுரம். நடுவில் நீளமான தண்டு, உச்சியில் மட்டும் தளங்கள். நகரின் நான்காவது உயரமான கட்டடம் என்று அதை எழுதுவது தவறு.

மாடிக் கணக்கை வைத்து உயரத்தைச் சொல்வதும் ஆபத்து. இங்கே பல அடுக்ககங்களின் லிஃப்டில் 3-க்கு அடுத்த பொத்தான் 3ஏ, 13-க்கு அடுத்தது 13ஏ. சீன மொழியில் நான்கு என்ற சொல் சாவு என்பதைப் போல ஒலிப்பதால் அந்த எண்ணை ஒதுக்கிவிடுவார்கள். இதையும் மீறிச் சில கட்டடங்களில் எண்களே தாவிப் போகும். எக்ஸ்சேஞ்ச் 106-இன் பெயரைப் பார்த்து 106 மாடி என்று எழுதிவிடுகிறார்கள், தரைக்கு மேல் எண்ணினால் நூறுகூடத் தேறாது. மாடியைவிட மீட்டரை நம்புங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கேட்காத விருந்தாளியே இல்லை. பெட்ரோனாஸின் 41, 42-ஆம் தளங்களை இணைக்கும் பாலம் இரண்டு கோபுரங்களையும் பிடித்து நிறுத்துவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியே நேர்மாறு. பலத்த காற்றில் இரண்டும் தனித்தனியாக அசையும். பாலத்தை இறுக்கிக் கட்டியிருந்தால் அந்த அசைவு பாலத்தையே பிய்த்துவிடும். அதனால் அதன் இரண்டு முனைகளும் நகர்ந்து கொடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். இரண்டு கோபுரங்களின் 29-ஆம் தளத்திலிருந்தும் கால்கள் சாய்ந்து வந்து, நடுவில் சேர்ந்து பாலத்தைத் தாங்குகின்றன. பூங்காவிலிருந்து பார்த்தால் கூரை வீட்டு முகடு மாதிரித் தெரியும். அடுத்த முறை போனால் பாலத்தை விட்டு அந்தக் கால்களைப் பாருங்கள்.

சரி, நகரின் கோபுர வரிசையை எங்கிருந்து பார்ப்பது? இரட்டைக் கோபுரத்தின் மேலேறினால் இரட்டைக் கோபுரமே காட்சியில் இருக்காது, படம் எடுத்துவிட்டு வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அதற்குக் கேஎல் டவர் நல்லது. ஆனால் உயரத்தை ஒப்பிட அதுவும் உதவாது, கிட்டே இருப்பது பெரிதாகவும் எட்ட இருப்பது சிறிதாகவும்தான் தெரியும். ஒப்பிட வேண்டுமானால் தள்ளிப் போக வேண்டும். மறுநாள் சித்தப்பாவைப் பத்துமலைக்கு அழைத்துப்போனேன். 272 படிகளையும் ஏறி மூச்சு வாங்கியவரைத் தெற்கே திரும்பிப் பார்க்கச் சொன்னேன். மழை விட்ட காலை, புகைமூட்டம் இல்லை. தூரத்தில் எல்லாம் குச்சி குச்சியாக நின்றன. நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அவர் ஒன்றைக் காட்டி, "அதுதான் நீ சொன்ன மெர்டேக்காவா?" என்றார். அதுதான்.