வீட்டைச் சுற்றிக் கயோட்டி நடமாட்டமா? நாயையும் பூனையையும் காப்பாற்றும் வழி, படிப்படியாக

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக் குன்றுப் பகுதியான ஹில் கன்ட்ரி பக்கம் நிலத்தோடு வீடு வாங்கிக் குடிவருகிறவர்கள் முதல் சில இரவுகளிலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டுவிடுவார்கள். நீளமாக ஓர் ஊளை, அது முடிவதற்குள் கீச்சுக் கீச்சென்று பல குரல்கள். ஒரு பெரிய கூட்டமே வேலிக்கு வெளியே நிற்பது போலத் தோன்றும். பெரும்பாலும் நிற்பவை இரண்டோ மூன்றோதான். நாய் இனத்தைச் சேர்ந்த காட்டு விலங்கான கயோட்டி குரலை நொடிக்கு நொடி மாற்றிக் கத்தும், குன்றுகளில் அது எதிரொலிக்கும், கேட்பவருக்கு எண்ணிக்கை கூடிவிடும். ஆகவே பதற வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் சின்ன நாயோ, வெளியே சுற்றும் பூனையோ இருந்தால் அசட்டையாகவும் இருக்க முடியாது.

இங்கே சொல்லும் வரிசையிலேயே செய்யுங்கள். கயோட்டியைக் கண்டதும் பலருக்குத் துப்பாக்கியும் பொறியும்தான் நினைவுக்கு வருகின்றன. அது உங்கள் வாசலுக்கு எதைத் தேடி வருகிறதோ, அதை எடுத்துவிடுவதுதான் முதல் வேலை. பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 1: வந்தது கயோட்டிதானா?

கயோட்டி நம்மூர் நரியைவிடப் பெரியது, ஓநாயைவிட நன்றாகச் சிறியது. டெக்சஸில் பெரும்பாலும் 11 முதல் 18 கிலோவுக்குள் இருக்கும். கூர்மையான முகம், பெரிய காது, அடர்ந்த வால். ஓடும்போது வாலைத் தாழ்த்திக்கொண்டு ஓடும்.

காலடித் தடம் நீள்வட்டமாக, ஏறக்குறைய இரண்டரை அங்குல நீளம் இருக்கும். நாயின் விரல்கள் விரிந்து பதியும், கயோட்டியின் விரல்கள் நெருங்கிப் பதியும். நாய் அங்குமிங்கும் அலைந்து நடக்கும், கயோட்டியின் தடம் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் போகும்.

எச்சத்தை டிரைவ்வேயின் நட்டநடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி போட்டுவிட்டுப் போகும். எல்லையை அறிவிக்கும் வழி அது. கையால் தொடாமல், ஒரு குச்சியால் தள்ளிப் பாருங்கள். கோடை முடிவில் சப்பாத்திக்கள்ளிப் பழத்தின் விதைகளும் மெஸ்கீட் மரத்தின் காய்களும் நிறைந்து செம்பழுப்பாக இருக்கும். குளிர்காலத்தில் முயல், எலியின் மயிர் முறுக்கிய கயிறு போல இருக்கும், நடுவே சிறிய எலும்புத் துண்டுகள் தெரியும். அது எதைத் தின்று உங்கள் நிலத்தில் வாழ்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

வேலியின் அடிக்கம்பியில் மயிர் சிக்கியிருக்கும் இடத்தைத் தேடுங்கள். உள்ளே நுழையும் வழி அதுதான். அந்த இடத்தைப் பார்க்கும்படி ஒரு டிரெயில் கேமராவை (அசைவைக் கண்டதும் தானே படமெடுக்கும் கேமரா) முழங்கால் உயரத்தில் கட்டிவையுங்கள். எத்தனை மணிக்கு வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்பது சில நாளில் தெரிந்துவிடும். மற்ற எல்லாப் படிகளுக்கும் இந்தத் தகவல் உதவும்.

படி 2: சாப்பாட்டை நிறுத்துங்கள்

சிகாகோவைச் சுற்றிய குக் கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போல) 2000-ஆம் ஆண்டிலிருந்து கயோட்டிகளை ஆராய்ந்துவருகிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட எச்சங்களைப் பிரித்துப் பார்த்ததில், 42 சதவீதத்தில் எலி வகைகள், 23 சதவீதத்தில் பழங்கள், 22 சதவீதத்தில் மான், 18 சதவீதத்தில் முயல் இருந்தன. பூனை ஒரு சதவீத அளவில்தான். கயோட்டி உங்கள் நாயைக் குறிவைத்துக் கிளம்புவதில்லை. எலிக்கும் பழத்துக்கும் வந்த இடத்தில் நாய் எதிர்ப்படுகிறது. இது புரிந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தானாகப் புரியும்.

நாய்த் தட்டையும் பூனைத் தட்டையும் வெளியே வைக்காதீர்கள். வெளியில்தான் சாப்பாடு என்றால், சாப்பிட்டு முடித்ததும் தட்டு உள்ளே வந்துவிட வேண்டும். பறவைகளுக்கு வைக்கும் தானியம் கீழே சிந்தினால் எலி வரும், எலியைத் தேடிக் கயோட்டி வரும். இந்தப் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு: மானுக்கு மக்காச்சோளம் போடும் தானியங்கித் தொட்டி. வீட்டை ஒட்டி அதை வைத்திருந்தால் நிலத்தின் கடைக்கோடிக்கு நகர்த்துங்கள். பக்கத்து வீட்டார் வைத்திருந்தால் பேசிப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் கேட்பார்கள்.

நம் வீடுகளுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். மீன் கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கும் ரோஜாவுக்கும் ஊற்றுவது, ஆட்டெலும்பைத் தோட்டத்தில் புதைப்பது, மிச்சக் குழம்பைக் கம்போஸ்ட் குவியலில் கொட்டுவது எல்லாம் இங்கே கூடாது. அந்த வாசனை கயோட்டிக்கு வெகுதூரம் போகும். கம்போஸ்டில் காய்கறித் தோல் மட்டும் போடுங்கள், அதையும் மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். உதிர்ந்த அத்தியையும் பீச்சையும் அன்றன்றே பொறுக்கிவிடுங்கள்.

படி 3: நாயும் பூனையும் வெளியே போகும் நேரம்

மனிதர்கள் உள்ள இடத்தில் கயோட்டி பெரும்பாலும் மாலை மயங்கியதிலிருந்து விடியும்வரைதான் நடமாடும். அந்த நேரத்தில் சின்ன நாயைத் தனியே வெளியே விடாதீர்கள். இரவு ஒருமுறை கூட்டிப்போக வேண்டியிருந்தால், கொல்லை விளக்கைப் போட்டு, ஆறடிக்கு மேல் போகாத கயிற்றில் பிடித்து, நீங்களும் கூடவே நில்லுங்கள். இழுக்க இழுக்க நீளும் கயிறு வேண்டாம். நாய் இருபது அடி தள்ளிப் புதரோரம் நின்றால், கயிறு கையில் இருந்தும் பயனில்லை.

பூனையைப் பற்றி என் முடிவு ஒன்றுதான்: வீட்டுக்குள்ளேயே வளருங்கள். வெயிலும் காற்றும் வேண்டுமென்றால், ஜன்னலை ஒட்டிக் கூரையோடு ஒரு வலைக்கூண்டு கட்டிக்கொடுங்கள். ஏற்கெனவே வெளியே வாழப் பழகிய பூனை என்றால், கொல்லையில் அங்கங்கே ஏழடிக்கு மேல் உயரமான மரக் கம்பங்களை நட்டு, நகம் பிடிக்கும்படி கயிறு சுற்றி, உச்சியில் உட்கார ஒரு பலகை வையுங்கள். தப்பி ஏற ஓர் இடமாவது கிடைக்கும்.

படி 4: வேலி

செலவும் உழைப்பும் இதில்தான் அதிகம், பலன் நிலைத்து நிற்பதும் இதில்தான். ஆனால் நிலம் முழுவதையும் அடைக்க வேண்டியதில்லை. பின்கதவை ஒட்டி, நாய் ஓடி விளையாடும் அளவுக்கு ஓர் இடத்தை மட்டும் உருப்படியாக அடையுங்கள். ஐந்து ஏக்கருக்கு அரைகுறை வேலி போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

மாட்டுக்குப் போடும் முள்கம்பி வேலி கயோட்டிக்குத் தடையே அல்ல. நாயின் கழுத்துப் பட்டைக்குச் சிக்னல் அனுப்பும் மின்வேலி இன்னும் மோசம். நாயை உள்ளே நிறுத்துமே தவிர, கயோட்டியை வெளியே நிறுத்தாது. நாய் எல்லையைத் தாண்டவும் முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

வேலியின் உயரம் ஆறடிக்குக் குறையக் கூடாது. இரண்டுக்கு நான்கு அங்குலக் கண்ணுள்ள, குதிரைகளுக்கென விற்கும் நெருக்கமான வலை நல்லது. கால் வைத்து ஏற முடியாது, நுழையவும் முடியாது.

கயோட்டி வேலியை ஒரே தாவலில் தாண்டுவது அரிது. முன்னங்கால்களை உச்சியில் போட்டுப் பிடித்துக்கொண்டு, பின்னங்கால்களால் உந்தி ஏறும். அந்தப் பிடியைக் கெடுப்பதற்குத்தான் உச்சியில் உருளை மாட்டுகிறார்கள். கடையிலும் கிடைக்கும், வீட்டிலும் செய்யலாம். வேலியின் உச்சிக்குமேல் கம்பங்களுக்கு இடையே ஓர் இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டி, அதில் மெல்லிய பிவிசி குழாயைக் கோத்து, அதன்மேல் மூன்று அங்குலக் குழாயைத் தளர்வாகப் போடுங்கள். கால் பட்டதும் உருண்டு வழுக்கிவிடும்.

அடுத்தது அடிப்பகுதி. தோண்டி நுழைவதில் கயோட்டி கெட்டிக்காரன். வலையை மண்ணுக்குள் புதையுங்கள் என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். ஹில் கன்ட்ரியில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புப் பாறை இடிக்கும். அதனால் வலையைத் தரையோடு மடித்து, வெளிப்பக்கமாக ஒன்றரை அடி படுக்கவிடுங்கள். பாறை இடுக்குகளில் இரும்பு ஆணி அடித்து, மேலே கற்களை அடுக்குங்கள். கயோட்டி வேலியை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். காலுக்கடியில் வலை தட்டுப்பட்டதும் விட்டுவிடும். பின்னால் தள்ளிப் போய்த் தோண்ட வேண்டும் என்று பொதுவாக அதற்குத் தோன்றுவதில்லை.

கேட்டுக்கு அடியில் இடைவெளி இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பெருமழை பெய்த மறுநாள் வேலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தண்ணீர் அரித்துப்போன இடம் கண்டிப்பாக ஒன்றிரண்டு இருக்கும்.

கோழி வளர்த்தால், கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கண் வலையை நம்பாதீர்கள், கடித்து இழுத்தால் பிய்ந்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலைதான் தாங்கும்.

படி 5: நேரில் கண்டால்

ஓடாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள். சின்ன நாயைத் தூக்கிக்கொள்ளுங்கள். கையை உயர்த்தி, பெரிய குரலில் அதட்டுங்கள். கையில் பிடித்து அழுத்தினால் பெருஞ்சத்தம் எழுப்பும் ஏர் ஹார்ன் ஒன்று பின்கதவருகே எப்போதும் இருக்கட்டும். இல்லையென்றால் வெற்று சோடா டின்னில் கொஞ்சம் சில்லறையைப் போட்டு டேப் ஒட்டிக் குலுக்குங்கள். தோட்டக் குழாயால் தண்ணீரையும் பீய்ச்சலாம்.

நான்கு அடி தள்ளிப் போய் நின்று திரும்பிப் பார்க்கும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். கண்ணுக்கு மறையும்வரை விரட்டுங்கள். பாதியில் விட்டால், இவர்கள் கொஞ்ச நேரம் கத்துவார்கள், அவ்வளவுதான் என்று அது பழகிக்கொள்ளும். வீட்டிலுள்ள எல்லோரும் இதையே செய்ய வேண்டும். ஒருவர் விரட்டி, இன்னொருவர் ஜன்னலில் நின்று படமெடுத்தால் பலன் இல்லை.

அசைவைக் கண்டு எரியும் விளக்குகள் உதவும், ஆனால் ஒரே இடத்தில் இருந்தால் சீக்கிரம் பழகிவிடும். சில நாளுக்கு ஒருமுறை இடத்தை மாற்றுங்கள்.

விரட்டக் கூடாத நேரமும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை இணைசேரும் காலம். ஏறக்குறைய 63 நாள் கழித்து, வசந்தத்தில் குட்டி போடும். அப்போதிலிருந்து கோடைவரை, குட்டிகள் உள்ள வளைக்கு அருகே நாயோடு போனால், கயோட்டி விலகாமல் பின்தொடர்ந்தே வரும். உங்களை அந்த இடத்திலிருந்து அனுப்பிவைக்கிறது. கத்தாமல், அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்கி, சில வாரங்களுக்கு வேறு வழியில் நடங்கள். கயோட்டி நாயை ஆசைகாட்டிக் கூட்டத்திடம் இழுத்துப் போகும் என்று இங்கே பலரும் சொல்வதற்குப் பின்னாலும் இதுதான் நடக்கிறது. நாய் துரத்துகிறது, கயோட்டி தன் இருப்பிடத்துக்கு ஓடுகிறது, அங்கே துணை இருக்கிறது.

படி 6: கடிபட்டால்

வெளியே இரண்டு சின்ன ஓட்டைதான் தெரிகிறது என்று வீட்டிலேயே மருந்து போட்டு முடித்துவிடாதீர்கள். கடித்து உலுக்கியதில் தோலுக்கு அடியில் தசை கிழிந்திருக்கலாம், நெஞ்சுக்கூட்டில் காற்று கசியலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். இரவில் திறந்திருக்கும் அவசர மருத்துவமனை எது என்று இன்றே பார்த்து, எண்ணை போனில் பதிந்துவையுங்கள்.

டெக்சஸில் நாய்க்கும் பூனைக்கும் 16 வார வயதுக்குள் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும் என்பது சட்டம். ஊசி போட்ட நாயைக் கடித்தால் மறுபடி ஒரு ஊசி போட்டு, 45 நாள் அடைத்துவைத்துக் கவனிப்பார்கள். ஊசி போடாத நாயின் கதி மிகக் கடினமானது. 1988 முதல் தெற்கு டெக்சஸில் கயோட்டிகளிடையே நாய் வெறிநோய் பரவியது. 1995 முதல் விமானத்திலிருந்து தடுப்பு மருந்து கலந்த இரையைத் தூவித்தான் அதை ஒழித்தார்கள். இன்றும் வௌவாலிலும், ஸ்கங்க் என்னும் நாற்றம் பீய்ச்சும் சிறு விலங்கிலும் வெறிநோய் இருக்கிறது, அவற்றிடமிருந்து கயோட்டிக்குத் தொற்றலாம்.

படி 7: கொல்வதும் புகார் செய்வதும்

டெக்சஸில் கயோட்டியை ஆண்டு முழுவதும் வேட்டையாடச் சட்டம் இடம்கொடுக்கிறது. வீட்டு விலங்கைத் தாக்கவரும் கயோட்டியைச் சுட நில உரிமையாளருக்கு உரிமமும் தேவையில்லை. எங்கே துப்பாக்கியால் சுடலாம் என்பதற்குத் தனி விதிகள் உண்டு, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க மத்திய அரசின் வேளாண் துறை ஆட்கள் சில ஆண்டுகளில் 60,000-க்கும் மேற்பட்ட கயோட்டிகளைக் கொல்கிறார்கள், ஆனாலும் ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் அது வாழ்கிறது. ஓர் இணையைக் கொன்றால், இடம் தேடி அலையும் இன்னொன்று வந்துவிடும். ஆட்களுக்குப் பயப்படக் கற்ற கயோட்டி போய், ஒன்றும் தெரியாத புதியது வந்தால் உங்களுக்குத்தான் நஷ்டம். விஷம் வைப்பதை யோசிக்கவே வேண்டாம். முதலில் சாவது உங்கள் நாயாக இருக்கலாம். பொறியில் பிடித்து வேறிடத்தில் விடுவதும் கூடாது, உயிருள்ள கயோட்டியைக் கொண்டுபோவதை வெறிநோய் விதிகள் தடுக்கின்றன.

பட்டப்பகலில் ஆட்களை நெருங்கி வருவது, அதட்டியும் அசையாமல் நிற்பது, கயிற்றில் பிடித்திருக்கும் நாயின் மேல் பாய்வது, குழந்தைகளைப் பின்தொடர்வது, தள்ளாடி நடப்பது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே கவுன்ட்டி அனிமல் கன்ட்ரோலை (விலங்குக் கட்டுப்பாட்டு அலுவலகத்தை) கூப்பிடுங்கள். நாள், மணி, இடம், எத்தனை கயோட்டி, அப்போது நாய் கயிற்றில் இருந்ததா, பக்கத்தில் யாராவது அதற்குச் சாப்பாடு வைக்கிறார்களா என்பதைச் சொல்லி, டிரெயில் கேமராவின் படத்தையும் அனுப்புங்கள்.