வகுப்பில் கேள்வி கேட்பதும் கலந்துரையாடலை நடத்துவதும்

"எல்லாருக்கும் புரிந்ததா?" என்று ஆசிரியர் கேட்டால், வகுப்பு ஒரே குரலில் "புரிந்தது" என்று சொல்லும். அந்த விடையால் ஆசிரியருக்குத் தெரியவருவது ஒன்றுமில்லை. புரியாதவர் அதைச் சொல்லக் கூசுவார், தவறாகப் புரிந்துகொண்டவரோ தமக்குப் புரிந்துவிட்டதாகவே நம்பித் தலையசைப்பார். மாணவர் என்ன நினைக்கிறார் என்பதை வெளியே கொண்டுவருவதுதான் கேள்வியின் வேலை. அதற்கான கேள்விகள் பாடத்தின் நடுவே தானாகத் தோன்றுவது அரிது. ஆகவே பாடக்குறிப்பை எழுதும்போதே இரண்டு மூன்று கேள்விகளைச் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது, தவறான விடை வந்தால் அது எந்தத் தவறு என்பதைக் கேள்வியே காட்டிக்கொடுக்கிறதா என்பதுதான். தசம எண்களை எடுத்துக்கொள்வோம். 0.5, 0.45, 0.405 ஆகியவற்றில் பெரியது எது என்று கேட்டால், இலக்கங்கள் குறைவாக இருந்தால் எண் பெரியது என்று தவறாக எண்ணும் மாணவரும் 0.5 என்றே சொல்லிவிடுவார். விடை சரி, காரணம் பிழை. 0.5-க்குப் பதிலாக 0.4 என்று மாற்றினால் நிலைமை தலைகீழாகிறது. இலக்கங்கள் கூடினால் எண் பெரியது என்று நினைப்பவர் 0.405-ஐயும், குறைந்தால் பெரியது என்று நினைப்பவர் 0.4-ஐயும் தேர்ந்தெடுப்பார்கள், இடமதிப்பை அறிந்தவர் 0.45 என்பார். ஒரே ஓர் எண்ணை மாற்றியதில், மதிப்பெண் போடுவதற்கு மட்டும் உதவிய கேள்வி, அடுத்து எதைக் கற்பிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் கேள்வியாகிவிடுகிறது. விடையை எல்லாரும் ஒரே நேரத்தில் சிறு பலகையில் எழுதியோ விரல்களால் காட்டியோ தெரிவிக்கச் செய்தால், கை உயர்த்தும் நான்கு பேரின் கருத்து வகுப்பின் கருத்தாகத் தோன்றும் மயக்கமும் நீங்கும்.

கேட்ட பிறகு காத்திருக்க வேண்டும். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்ததைக் கண்டார். அதை 3 நொடியாகவோ அதற்கு மேலாகவோ நீட்டியபோது விடைகள் நீண்டன, விடையின்றிப் போன கேள்விகள் குறைந்தன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். இந்தக் காத்திருப்பு இரண்டு இடங்களில் தேவை: கேள்வி முடிந்ததும் ஒன்று, மாணவர் பேசி முடித்ததும் மற்றொன்று. இரண்டாவதைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். மாணவர் மூச்சு வாங்குவதற்குள் "சரி" என்று சொல்லி, அவர் சொல்லவிருந்த காரணத்தைத் தடுத்துவிடுகிறோம். மனத்துக்குள் மூன்று எண்ணுவது எளிய உபாயம், தொடக்கத்தில் அது மிக நீண்டதாகத் தோன்றினாலும்.

பெயரைச் சொல்லிக் கேட்பதானால், முதலில் கேள்வி, பிறகு இடைவெளி, அதன் பிறகே பெயர். பெயர் முதலில் வந்தால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திக்கொள்வார்கள். "தெரியவில்லை" என்று சொல்பவரை நிற்க வைத்து வாட்ட வேண்டாம், இன்னும் இருவரைக் கேட்டுவிட்டு, "இவ்விருவரில் யார் சொன்னது உங்களுக்குப் பொருத்தமாகப் படுகிறது, ஏன்?" என்று அவரிடமே திரும்பி வரலாம்.

கலந்துரையாடலுக்கு வேறு வகைக் கேள்வி வேண்டும்: மாணவர்களின் கருத்து உண்மையிலேயே இரண்டாகப் பிரியக்கூடியது. "சிறு விதை பெரிய மரமாகிறது, அத்தனை எடையும் எங்கிருந்து வந்தது?" என்பது அப்படிப்பட்டது. பலர் மண்ணிலிருந்து என்பார்கள். முதலில் ஒவ்வொருவரும் தனியே ஒரு வரி எழுதட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசட்டும். அதன் பிறகே முழு வகுப்பு. எழுதும் படியைத் தவிர்த்தால், இணையரில் துணிச்சலானவரின் கருத்தையே மற்றவரும் ஏற்றுக்கொண்டு விடுவார்.

விவாதம் தேங்கும்போது ஆசிரியர் விடையைச் சொல்லாமல் ஒரு சான்றை நடுவில் வைக்கலாம். வான் ஹெல்மாண்ட் என்ற ஐரோப்பிய அறிவியலாளர் 17-ஆம் நூற்றாண்டில் எடை பார்த்த மண்ணில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, 5 ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 160 பவுண்டுக்கு மேல் கூடியிருக்க, மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்சு. மண் என்று வாதிட்டவர்கள் இப்போது தங்கள் கருத்தைத் திருத்த வேண்டியிருக்கும். நீரே மரமானது என்று ஹெல்மாண்ட் முடிவுகட்டியதைச் சொல்லி, "அவர் எதைக் கணக்கில் எடுக்கத் தவறினார்?" என்று கேட்டால் பேச்சு காற்றை நோக்கி, கார்பன் டை ஆக்சைடை நோக்கி நகரும்.

இதற்கிடையே ஆசிரியரின் வாயிலிருந்து வரும் சொற்கள் குறைவாக இருப்பது நல்லது. ஒவ்வொரு விடையையும் திரும்பச் சொன்னால், மாணவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்க மாட்டார்கள், ஆசிரியர்தான் சொல்லிவிடுவாரே! "அருமை" என்று உடனே பாராட்டுவதும் விவாதத்தை முடித்துவைக்கும். அதற்குப் பதிலாக, "அவர் சொன்னதை உங்கள் சொற்களில் சொல்லுங்கள்", "இதை மறுப்பவர் உண்டா?", "எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று பந்தை வகுப்புக்கே திருப்பி அனுப்பலாம். சரியான விடைக்கும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். தவறுக்கு மட்டும் காரணம் கேட்டால், ஆசிரியர் காரணம் கேட்பதே தவறின் அடையாளம் என்று மாணவர்கள் விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, தொடக்கத்தில் எழுதிய வரியைத் தேவையானால் திருத்தி, திருத்தியதற்கான காரணத்தையும் சேர்த்து எழுதச் சொல்லித் தாள்களை வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்பது அந்தத் தாள்களில் இருக்கும்.