கண்டெய்னர் டிரெய்லரில் பிரேக் ஸ்லாக் டைட் வைப்பது எப்படி: வால் ஆடாமல், டிரம் கொதிக்காமல்

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு டிரெய்லர். 40 அடி, மூன்று ஆக்சில், 12 டயர். காசிமேட்டுப் பக்கம், சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் பெட்டி ஏற்றிக்கொண்டு எண்ணூர் விரைவு சாலை, மணலி, மாதவரம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போய்வரும் வண்டி. போன மழைக்காலத்தில் ஓட்டுநர் அண்ணன் வந்து சொன்னார்: "பிரேக் அடிச்சா வாலு இடது பக்கமா தள்ளிக்கினு போவுது தம்பி. மாதவரத்துல எறங்கிப் பாத்தா வலது பக்கம் ஒரு டிரம் கிட்ட கையக் கொண்டு போவ முடியல."

ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். கொதித்த டிரம்மை லூஸ் செய்து கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகு டிரம் கொதிக்கவில்லை, உண்மைதான். ஆனால் பிரேக் மிதித்தால் 25 டன் சரக்கோடு டிரெய்லர் பின்னாலிருந்து ஹெட்டை (இழுக்கும் முன்வண்டியை) நெட்டித் தள்ள ஆரம்பித்தது. மழை பெய்த சாலையில் அப்படித் தள்ளினால் ஹெட்டும் டிரெய்லரும் சேரும் கிங்பின்னில் வண்டி மடங்கிவிடும். அண்ணனுக்கு வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நானே வண்டிக்கு அடியில் போனேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனபிறகுதான் விஷயம் பிடிபட்டது. கொதிக்கிற டிரம் பெரும்பாலும் குற்றவாளி இல்லை. ஆறிக் கிடக்கிற டிரம்தான் குற்றவாளி. வேலை செய்யாத சக்கரத்தின் பாரத்தையும் சேர்த்து வேலை செய்கிற சக்கரம் சுமக்கிறது. அதனால்தான் கொதிக்கிறது. எங்கள் வண்டியில் இடது பக்கம் இரண்டு சக்கரம் பிடிக்கவே இல்லை. வலது பக்கம் மட்டும் பிடித்தால் வால் இடது பக்கம்தான் போகும். கிங்பின்னை மையமாக வைத்துப் படம் போட்டுப் பாருங்கள், புரியும்.

உள்ளே நடப்பது இதுதான். பெடலை மிதித்தால் காற்று ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் பிரேக் சேம்பருக்குள் போகும். சேம்பரின் தடி வெளியே வந்து ஸ்லாக் (ஸ்லாக் அட்ஜஸ்டர்) என்கிற நெம்புகோலைத் தள்ளும். ஸ்லாக் கேம் தண்டைத் திருப்பும். தண்டின் முனையில் 'எஸ்' வடிவத் தலை இருக்கிறது, அது இரண்டு ஷூவையும் விரித்து டிரம்மில் அழுத்தும். ஷூவின் மேல் இருக்கும் லைனிங் தேயத் தேய, தடி இன்னும் அதிக தூரம் வெளியே வந்தால்தான் ஷூ டிரம்மைத் தொடும். ஓர் எல்லைக்கு மேல் வந்துவிட்டால் சேம்பரின் தள்ளும் விசை சட்டென்று விழுந்துவிடும். ஸ்லாக் டைட் வைப்பது என்றால் அந்தத் தூரத்தைக் குறைப்பது, அவ்வளவுதான்.

என்னென்ன வேண்டும்

ஸ்லாக் போல்ட்டின் தலைக்குச் சரியாக உட்காரும் ரிங் ஸ்பேனர். ஸ்க்ரூ ஸ்பேனர் வேண்டவே வேண்டாம், தலை உருண்டுவிடும். காற்றில் சுழன்று போல்ட் முடுக்கும் கன்னும் வேண்டாம். ஸ்லாக்குக்கு உள்ளே இருக்கும் வார்ம் கியரின் பல்லை அது கடித்துத் தின்றுவிடும். பட்டறைகளில் நேரம் மிச்சம் என்று கன் போடுகிறார்கள், நான் என் வண்டியில் விடமாட்டேன். பிறகு சின்ன சுத்தி, சாக்பீஸ், ஸ்டீல் ஸ்கேல், கிரீஸ் கன், தலையில் மாட்டும் டார்ச், சக்கரத்துக்கு வைக்க நல்ல கனமான மரக்கட்டை நான்கு. கூட ஒரு ஆள் கண்டிப்பாக வேண்டும். எங்கள் வீட்டில் மச்சான்தான் பெடல் மிதிப்பவர்.

லைனிங் தூசியைக் காற்று அடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள், முகத்தில் மாஸ்க் போடுங்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம்.

வேலை

டிரம் ஆறியிருக்க வேண்டும். இதில்தான் நான் முதலில் தப்பு செய்தேன். வண்டி வந்து நின்றதும் சூட்டோடு சூடாக டைட் வைத்தேன். சூட்டில் டிரம் விரிந்திருக்கும். அந்த விரிவுக்கு ஏற்ப ஷூவை நெருக்கி வைத்துவிட்டால், ராத்திரி ஆறும்போது டிரம் சுருங்கி ஷூவைக் கவ்விக்கொள்ளும். காலையில் வண்டி கிளம்பும்போதே உரசிக்கொண்டு கிளம்பும். ஆகவே ஞாயிறு காலை, டிரம்மில் கை வைத்தால் சில்லென்று இருக்கும்போது செய்யுங்கள்.

சமதரையில் நிறுத்தி, ஹெட்டின் சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். இஞ்சினை ஓடவிட்டு ஏர் முழுசாக ஏற்றுங்கள். ஹெட்டிலிருந்து டிரெய்லருக்குப் போகும் சிவப்பு, மஞ்சள் இரண்டு ஏர் ஹோஸும் சரியாக மாட்டியிருக்க வேண்டும். பிறகு பார்க்கிங் பிரேக்கை எடுத்துவிடுங்கள். பார்க்கிங் போட்டபடியே ஸ்லாக்கைத் திருகுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது பார்க்கிங் பிரேக்கின் ஸ்பிரிங் ஏற்கெனவே தடியை வெளியே தள்ளி வைத்திருக்கும். நீங்கள் அளப்பதும் பொய், வைப்பதும் பொய். கட்டை நிச்சயமாக உட்கார்ந்திருக்கிறதா என்று உதைத்துப் பார்த்துவிட்டே அடியில் போங்கள். இஞ்சினை அணைத்துவிட்டு, சாவியை உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சேம்பரிலும் தடி வெளியே வரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. ஏர் மீட்டரில் 6 முதல் 7 பார் இருக்கும்போது மச்சானை முழுசாக மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கோடு எவ்வளவு தள்ளி வந்தது என்று ஸ்கேலில் அளந்து டிரம்மிலேயே எழுதுங்கள். டிரெய்லரில் பரவலாக இருக்கும் 30ஆம் நம்பர் சாதாரண சேம்பருக்கு 51 மில்லிமீட்டர்தான் எல்லை. எங்கள் வண்டியில் இடது பக்கம் இரண்டு சக்கரம் 60-ஐத் தாண்டியிருந்தது. வலது பக்கம் 40. வால் ஆடாமல் என்ன செய்யும்?

இப்போது திருகும் வேலை. போல்ட் தலையைச் சுற்றி ஒரு பூட்டு வளையம் இருக்கும். ஸ்பேனரை நன்றாக அழுத்தி அந்த வளையத்தை உள்ளே தள்ளினால்தான் போல்ட் திரும்பும். உப்புக்காற்றில் அது துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். எண்ணூர் பக்கம் ஓடும் வண்டிக்கு இது வழக்கம். துரு எண்ணெய் விட்டு அரைமணி நேரம் பொறுங்கள். அடித்துத் தள்ளாதீர்கள்.

எந்தப் பக்கம் திருகுவது? இதற்குத்தான் நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தேன். "வலது பக்கம் திருகினா டைட்டு" என்று யாரோ சொன்னதை நம்பி ஆறு சக்கரத்தையும் ஒரே பக்கம் திருகினேன். மூன்று சக்கரம் டைட் ஆனது. மூன்று சக்கரம் இன்னும் லூஸ் ஆனது. ஸ்லாக் எப்படி மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து, இடது வலது சக்கரங்களில் திசை மாறும். ஆகவே கையின் திசையை நம்பாதீர்கள், கேம் தண்டைப் பாருங்கள். மச்சான் பிரேக் மிதிக்கும்போது தண்டு எந்தப் பக்கம் சுழல்கிறது என்று தண்டின் முனையில் சாக்பீஸ் கோடு போட்டுப் பார்த்து வையுங்கள். நீங்கள் போல்ட்டைத் திருகும்போதும் அதே பக்கம் சுழன்றால் சரி. தப்பான பக்கம் திருகினால் ஸ்லாக் சேம்பரின் தடியை வெளியே இழுக்கும். தடி வெளியே வருகிறதென்றால் நிறுத்தி மறுபக்கம் திருப்புங்கள்.

சரியான பக்கம் திருகிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் போல்ட் கெட்டியாகி நிற்கும். ஷூ டிரம்மைத் தொட்டுவிட்டது. சுத்தியால் டிரம்மை மெதுவாகத் தட்டுங்கள். 'டொக்' என்று செத்த சத்தம் வரும். அங்கிருந்து கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை பின்னால் திருப்புங்கள். திரும்பத் தட்டினால் 'ணங்' என்று மணிச்சத்தம் வரவேண்டும். இந்தப் பின்திருப்பலை விட்டுவிட்டால் ஷூ உரசிக்கொண்டே ஓடி, பத்து கிலோமீட்டருக்குள் புகை வந்துவிடும். ஸ்பேனரை எடுத்ததும் பூட்டு வளையம் வெளியே வந்து போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். வரவில்லையென்றால் ஓட்டத்தின் அதிர்வில் போல்ட் தானாகவே திரும்பி, நீங்கள் வைத்ததெல்லாம் வீணாகும்.

ஆறு சக்கரத்துக்கும் முடித்தபின் மறுபடி அளவு. எனக்கு 38 மில்லிமீட்டரை ஒட்டி வந்தால் திருப்தி. அதைவிட முக்கியம், ஒரே ஆக்சிலில் இடதுக்கும் வலதுக்கும் 6 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. முழுசாக மிதித்திருக்கும்போது ஸ்லாக்குக்கும் தடிக்கும் இடையே ஏறக்குறைய 90 பாகைக் கோணம் இருக்கிறதா என்றும் கண்ணால் பாருங்கள். கடைசியாக ஸ்லாக்குக்கும் கேம் தண்டு புஷ்ஷுக்கும் கிரீஸ். புஷ் காய்ந்தால் தண்டு திரும்பி வராது, ஷூவும் டிரம்மை விட்டு விலகாது.

டைட் வைத்தபிறகும் அளவு சரியாக வரவில்லையா? லைனிங் 6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருக்கலாம், புஷ் தேய்ந்திருக்கலாம். இதற்குமேல் திருகிப் பயனில்லை, டிரம்மைக் கழற்ற வேண்டும். ஆனால் ஸ்பிரிங் சேம்பரின் நடுவளையத்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அவிழ்க்காதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பறந்து வந்தால் ஆளைக் கொன்றுவிடும்.

பின்சேர்ப்பு 1: என் வண்டியில் ஆட்டோ ஸ்லாக், அதையும் இப்படியே திருகலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கூடாது. ஆட்டோ ஸ்லாக் தானே சரிசெய்துகொள்ள வேண்டிய பொருள். முழுசாகப் பலமுறை மிதித்தும் அளவு குறையவில்லை என்றால் தடியை ஸ்லாக்கோடு இணைக்கும் ஆணி (பின்) தேய்ந்ததா, பிடிமானத் தகடு வளைந்ததா, கேம் புஷ் ஆடுகிறதா என்று பாருங்கள். கையால் திருகினால் அப்போதைக்குச் சரியானதுபோல் இருக்கும், நோய் உள்ளேயே இருக்கும்.

பின்சேர்ப்பு 2: எல்லாம் அளவாக இருந்தும் துறைமுக வரிசையில் நின்று கிளம்பினால் மட்டும் டிரம் சூடாகிறது என்று திருவொற்றியூரிலிருந்து ஓர் ஓட்டுநர் எழுதியிருந்தார். வரிசையில் இஞ்சினை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் நிற்கிறோம். எங்கோ சின்னக் கசிவில் ஏர் இறங்கிவிடும். ஏர் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கத் தொடங்கும். முன்வண்டி நகர்ந்ததும், பின்னால் ஹாரன் அடிக்கிறார்களே என்று ஏர் ஏறும் முன்பே கியர் போட்டால் பிடித்த பிரேக்கோடுதான் வண்டி நகரும். மீட்டர் ஏறும் வரை நில்லுங்கள், ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும். தினமும் ஏர் டேங்க்கில் தண்ணீரையும் திறந்துவிடுங்கள். கடற்கரை ஈரக்காற்றில் அது சீக்கிரம் சேர்ந்துவிடும். இன்னொன்று, ஹெட்டின் லைனிங்கை மிச்சம் பிடிக்க டிரெய்லர் ஹேண்ட் பிரேக்கை மட்டும் பிடித்து ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதிலும் டிரெய்லர் டிரம்தான் வேகும்.

பின்சேர்ப்பு 3: பழவேற்காட்டிலிருந்து ஒருவர், படகு ஏற்றும் வெளிநாட்டு டிரெய்லர் வாங்கியிருக்கிறேன், அதில் ஏர் ஹோஸே இல்லையே என்று கேட்டார். அது சர்ஜ் பிரேக். இழுக்கும் வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் நெட்டும். அந்த நெட்டலே கொக்கியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரை அழுத்தி பிரேக்கைப் பிடிக்க வைக்கும். டிரம் வகையாக இருந்தால் பின்தகட்டில் ஒரு துளை இருக்கும், அதற்குள் ஷூவை நெருக்கும் நட்சத்திரச் சக்கரம். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, வண்டி முன்னால் ஓடும் திசையில் கையால் சுழற்றிக்கொண்டே, அது நன்றாக உரசும் வரை நட்சத்திரத்தைத் திருகுங்கள். பிறகு லேசாகத்தான் உரசுகிறது, தாராளமாகச் சுழல்கிறது என்னும் அளவுக்குப் பின்னால் திருப்புங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ரிவர்ஸ் எடுக்கும்போதும் கொக்கி நெட்டப்பட்டுப் பிரேக் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்க ஒரு பின்னோ மின்பூட்டோ இருக்கும், முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். படகை இறக்கும்போது டிரம் கடல்தண்ணீரில் முங்கினால், வீட்டுக்கு வந்ததும் நல்லதண்ணீரை உள்ளே பீய்ச்சிக் கழுவிவிட்டு, கொஞ்சதூரம் ஓட்டி நான்கைந்து முறை பிரேக் பிடித்து உலர்த்தி நிறுத்துங்கள்.