ஸ்காபரோவில் இருந்து ஏரிக்கரைக்கு: முதல் கோடையில் குடும்பத்தோடு வெளிக்கிடுபவர்களுக்கு

கனடாவுக்கு வந்து முதல் கோடை தொடங்கும்போது யாராவது ஒரு சொந்தக்காரர் கட்டாயம் சொல்வார், அல்கோன்குவின் மாகாணப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கோ என்று. அது நல்ல இடம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கைக்குழந்தை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்று, ஊரில் இருந்து வந்திருக்கிற அம்மம்மா என்று வாகனம் நிறைய ஆட்களோடு போகிற முதல் பயணத்துக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடவேண்டிய இடத்தைத் தெரிவு செய்யாதீர்கள். முதலில் கிட்ட இருக்கிற ஏரி. அதன் தண்ணீர், நுளம்பு, கழிப்பறை, பிள்ளைகளின் பொறுமை எல்லாம் பழகின பிறகு தூர இடம்.

கிட்ட என்றால் எது? ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் இருப்பவர்களுக்கு சிம்கோ ஏரிக்கரையில் இருக்கும் சிபால்ட் பொயின்ட் மாகாணப் பூங்கா ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். காலையில் சாப்பிட்டுவிட்டு வெளிக்கிட்டு, பின்னேரம் வீடு திரும்பலாம். இன்னும் கொஞ்சம் ஓடத் தயார் என்றால் கவார்த்தா பக்கம் போல்சம் லேக் மாகாணப் பூங்கா. சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு என் முதல் தெரிவு அதுதான். மணல் கரை, கரையில் இருந்து மெதுவாகத்தான் ஆழம் கூடும், பெரியவர்கள் மரநிழலில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டே பிள்ளைகளைப் பார்க்கலாம்.

அடுத்தது பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டியில் இருக்கும் சாண்ட்பாங்க்ஸ் மாகாணப் பூங்கா, இரண்டரை மணித்தியால ஓட்டம். மணல் மேடுகளைப் பார்க்கும்போது ஊரில் மணற்காட்டுப் பக்கம் போன ஞாபகம் வரும், அலையும் கடல் மாதிரியே அடிக்கும், உப்பு மட்டும் இல்லை. அங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவுட்லெட் கடற்கரை நீண்ட தூரத்துக்கு ஆழம் குறைந்தது, சின்னவர்களுக்கு அதுதான் சரி. மணல் மேடுகள் இருக்கும் டியூன்ஸ் பக்கத்தில் சில அடி வைத்ததும் தரை சட்டென்று கீழே இறங்கிவிடும். படத்துக்கு அழகு என்று நீச்சல் தெரியாத பிள்ளைகளை அங்கே இறக்காதீர்கள்.

இனி, இங்கே எல்லாமே முன்பதிவில்தான் நடக்கிறது. ஊரில் நினைத்த நேரத்தில் கடற்கரைக்குப் போன பழக்கத்தில் ஜூலை மாதச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் போய் நின்றால் பூங்கா நிரம்பிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாகாணப் பூங்காக்களை நடத்தும் ஒன்ராறியோ பார்க்ஸ் பகல்நேர வாகன அனுமதியை 5 நாட்களுக்கு முன்பிருந்து, காலை 7 மணிக்குத் திறந்துவிடும். சனிக்கிழமை போவதென்றால் திங்கட்கிழமை காலை 7 மணிக்கே கணினிக்கு முன்னால் இருங்கள். கட்டணம் வாகனத்துக்குத்தான், ஆட்களுக்கு இல்லை, ஆகவே இரண்டு சின்னக் காரில் போவதை விட ஒரு வானில் போவது மலிவு. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: ஒன்ராறியோவில் பல பொது நூலகங்கள் புத்தகம் இரவல் கொடுக்கிற மாதிரியே மாகாணப் பூங்காக்களுக்கான பகல்நேர அனுமதி அட்டையையும் கொடுக்கின்றன. உங்கள் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இரவு தங்குவதென்றால் கணக்கு வேறு. கூடாரத் தளம், கேபின், யர்ட் என்ற வட்டக் கூடார வீடு எல்லாவற்றுக்கும் போகும் நாளில் இருந்து 5 மாதம் முன்னால் பதிவு திறக்கும். ஜூலை 15 போவதென்றால் பெப்ரவரி 15 காலை 7 மணி, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது. போல்சம் லேக், சாண்ட்பாங்க்ஸ் மாதிரி இடங்களில் வார இறுதித் தளங்கள் வெகு சீக்கிரம் முடிந்துவிடும். தவறவிட்டால் மனம் தளர வேண்டாம், ஆட்கள் ரத்துச் செய்துகொண்டே இருப்பார்கள், அடிக்கடி பார்த்தால் ஏதாவது அகப்படும், அதுவும் ஞாயிறு முதல் வியாழன் வரையான இரவுகளுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு தளத்தில் அதிகம் 6 பேர்தான், ஒரு வாகனம்தான் கட்டணத்தில் அடக்கம். மூன்று குடும்பம் சேர்ந்து போவதென்றால் பக்கத்துப் பக்கத்துத் தளங்களாக எடுங்கள், இல்லாவிட்டால் குழுத் தளம் என்று தனியாக இருக்கிறது, அதைத் தேடுங்கள். பால் காய்ச்ச, கைபேசி ஏற்ற மின்சாரம் வேண்டுமென்றால் மின் இணைப்புள்ள தளத்தைப் பார்த்து எடுக்கவேண்டும். கூடாரம் அடித்தே பழக்கம் இல்லாதவர்களுக்கு பார்க்ஸ் கனடா காம்பிங் கற்றுக்கொடுக்கும் நிகழ்ச்சிகளை நடத்துகிறது.

கொட்டேஜ் வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். பத்துப் பேருக்கு என்று போட்டிருக்கும் வீட்டில் இருபது பேர் தங்குவது நம்மவர்களிடம் சாதாரணமாக நடக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏரிக்கரை வீடுகளில் நகரத்துக் கழிவுக் குழாய் கிடையாது, வளவுக்குள்ளேயே நிலத்தடித் தொட்டிதான். ஆட்கள் கூடினால் அது தாங்காது, பொங்கினால் கழிவு ஏரிக்குத்தான் போகும். கறி எண்ணெயையும் மிச்சச் சோற்றையும் தொட்டிக்குள் ஊற்றாமல் குப்பைப் பையில் கட்டுங்கள். இரவில் தண்ணீரின் மேல் சத்தம் வெகுதூரம் கேட்கும், அக்கரையில் இருப்பவருக்கு நீங்கள் போடும் பாட்டு ஒவ்வொரு வரியாக விளங்கும். ஜூலை, ஆகஸ்டில் பல வீடுகளைக் கிழமைக் கணக்கில்தான் தருவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

இப்போது தண்ணீர். இந்த வழிகாட்டியில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பதால் நமக்கு ஏரி என்றால் பயம் வருவதில்லை, அலை இல்லை, அமைதியாக இருக்கிறது, பிறகென்ன என்று தோன்றும். மே மாத விக்டோரியா தின நீண்ட வார இறுதியில் வெயில் 25 பாகை அடிக்கும், பிள்ளைகள் தண்ணீருக்குள் ஓடத் துடிப்பார்கள், ஆனால் அந்த ஏரியில் பனிக்கட்டி உருகிச் சில கிழமைகள்தான் ஆகியிருக்கும். அப்படிப்பட்ட தண்ணீருக்குள் விழுந்தவருக்கு என்ன நடக்கும் என்பதை மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்தார்: மூச்சைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் சொல்வழி கேட்பதற்கு 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய 1 மணித்தியாலம். நன்றாக நீந்தத் தெரிந்தவரே அந்த முதல் நிமிடத்தில் மூச்சு வாங்கித் தண்ணீரை உள்ளே இழுத்துவிடலாம். ஒன்ராறியோ ஏரி மாதிரிப் பெரிய ஏரிகளில் ஜூலையில்கூட காற்று மேல்தண்ணீரைத் தள்ளிவிட்டால் அடியில் இருக்கும் குளிர்தண்ணீர் மேலே வந்துவிடும், நேற்று இதமாக இருந்த கரை இன்று உறைய வைக்கும்.

மாகாணப் பூங்காக் கரைகளில் உயிர்காப்பாளர்கள் கிடையாது. உங்கள் பிள்ளைக்கு நீங்கள்தான் காவல். பத்துப் பெரியவர்கள் கரையில் இருந்தால் பத்துப் பேரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு ரோல்ஸ் சாப்பிடுவார்கள், ஆகவே முறை வைத்துக்கொள்ளுங்கள், அரை மணித்தியாலத்துக்கு ஒருவர், அந்த நேரத்தில் அவர் கையில் கைபேசி இருக்கக்கூடாது. சின்னவர்கள் கை எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். காற்றடித்த மிதவைப் பொம்மைகளை நம்ப வேண்டாம், கரையில் இருந்து ஏரிப் பக்கம் காற்று வீசினால் நீங்கள் நடந்து பிடிக்கமுடியாத வேகத்தில் அது பிள்ளையோடு போய்விடும். லைஃப் ஜக்கெட்டைக் காசு கொடுத்து வாங்க வசதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பல மாகாணப் பூங்காக்களில் இரவல் தருகிறார்கள், அலுவலகத்தில் கேளுங்கள். கனூ, படகு எதில் ஏறினாலும் ஆளுக்கு ஒன்று படகில் இருக்கவேண்டும் என்பது சட்டம். இருந்தால் போதாது, போட்டிருங்கள். அம்மம்மா சேலையோடு படகில் ஏறினாலும் அதற்கு மேலே கட்டிவிடுங்கள்.

நீச்சல் வகுப்பைக் கோடை வந்த பிறகு தேடாமல் குளிர்காலத்திலேயே சேர்த்துவிடுங்கள். லைஃப்சேவிங் சொசைட்டி என்ற அமைப்பு உயிர் தப்புவதற்குத் தேவையானது என்று மூன்றைச் சொல்கிறது: ஆழத்தண்ணீருக்குள் உருண்டு விழுந்து மேலே வருவது, ஒரு நிமிடம் மிதப்பது, 50 மீற்றர் நீந்துவது. இதைப் பிள்ளைகள் மட்டுமல்ல, அப்பா அம்மாவும் பழகவேண்டும். ரொறன்ரோ நகரத்தின் சமூக நிலையங்கள் சிலவற்றில் வகுப்புகள் இலவசம்.

சரி, வீதி. வெள்ளிக்கிழமை பின்னேரம் 400, 404, 401 நெடுஞ்சாலைகளில் எதுவும் ஓடாது, ஊரே வடக்கே போகும். சனிக்கிழமை விடியற்காலை வெளிக்கிட்டுப் பாருங்கள், பாதி நேரம் மிச்சம். ஜி1 என்ற பழகுநர் அனுமதிப்பத்திரம் மட்டும் வைத்திருப்பவர் இந்த 400 வரிசை நெடுஞ்சாலைகளில் ஓட்டக்கூடாது, பயிற்சி ஆசிரியர் பக்கத்தில் இருந்தால்தான் முடியும். 8 வயதாகும் வரை, அல்லது 36 கிலோ எடை அல்லது 145 சென்ரிமீற்றர் உயரம் வரும் வரை, பிள்ளைக்கு அதற்கேற்ற இருக்கை வேண்டும், மடியில் வைத்துக்கொள்வது ஒருபோதும் கூடாது. மாலை மங்கும் நேரத்தில் மான் குறுக்கே பாயும், ஆகவே இருட்டமுன் பெரிய வீதிக்கு வந்துவிடுங்கள். சொந்த வாகனம் இல்லாதவர்கள் பார்க்பஸ் என்று தேடிப் பாருங்கள், ரொறன்ரோவில் இருந்து பூங்காக்களுக்குப் பேருந்து விடுகிறார்கள்.

சாப்பாடு கொண்டுபோவதில் நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போகலாம், பால் சேர்த்த கறி வெயிலில் கெட்டுவிடும், ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். இரவு தங்கினால் சாப்பாட்டுச் சாமான் எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், பிள்ளையின் பிஸ்கட் பைகூட வேண்டாம், எல்லாம் காருக்குள் பூட்டியிருக்கவேண்டும். கருவாட்டு வாசம் கரடிக்கு மிகவும் பிடிக்கும். கரி அடுப்பைக் குளிருக்காகக் கூடாரத்துக்குள் கொண்டுபோனால் அதில் இருந்து வரும் கார்பன் மொனொக்சைட் வாயு ஆளையே கொன்றுவிடும், மணமே தெரியாது. விறகை வீட்டில் இருந்து ஏற்றாமல் அங்கேயே வாங்குங்கள், மரம் அரிக்கும் பூச்சிகள் விறகோடுதான் இடம் மாறுகின்றன. பியர் போத்தலோடு கடற்கரையில் இருக்க அனுமதி இல்லை.

மே நடுப்பகுதியில் இருந்து ஜூன் வரை வடக்கே கறுப்பு ஈக்கள் கடிக்கும், அதன் பிறகு நுளம்பு. சின்னப் பிள்ளைகளோடு அல்கோன்குவினுக்கு அந்த மாதங்களைத் தவிர்த்து ஆகஸ்ட் கடைசியில் போங்கள், இல்லாவிட்டால் மேப்பிள் சிவக்கும் செப்டம்பர் கடைசியில். 60ஆம் நெடுஞ்சாலை பூங்காவுக்குள் 56 கிலோமீற்றர் ஓடுகிறது. அதில் ஸ்புரூஸ் பொக் என்ற ஒன்றரைக் கிலோமீற்றர் பாதையில் சதுப்பின் மேல் பலகை போட்டிருக்கிறார்கள், முழங்கால் நோ உள்ளவர்களும் மெதுவாக நடக்கலாம். கைபேசித் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், வரைபடத்தை முதலே இறக்கிவையுங்கள். சூப்பர் விசாவில் வந்திருக்கும் பெற்றோரைக் கூட்டிப்போனால் அவர்களின் காப்புறுதி இலக்கத்தையும் மருந்துப் பட்டியலையும் உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் எல்லாரும் குளித்து, உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்: முழங்காலின் பின்பக்கம், அக்குள், இடுப்பு, காதின் பின்னால், பிள்ளைகளின் தலைமுடிக்குள். எள்ளளவுதான் இருக்கும். கண்டால் எண்ணெய் தடவுவது, நெருப்பால் சுடுவது எல்லாம் வேண்டாம், கூர்மையான சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். சில கருங்கால் உண்ணிகள் லைம் நோய் என்ற கிருமித் தொற்றைக் கொண்டுவரும், அதிலும் சாண்ட்பாங்க்ஸ், கிங்ஸ்டன் பக்கம் போய்வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். குடும்ப வைத்தியர் இன்னும் கிடைக்கவில்லையே என்று தாமதிக்காதீர்கள். 2023 முதல் ஒன்ராறியோவில் மருந்தாளரே உண்ணிக் கடிக்கு மருந்து எழுதித் தரலாம், அன்றைக்கோ அடுத்த நாளோ பக்கத்து மருந்துக்கடைக்குப் போய்க் கேளுங்கள். அடுத்த சில கிழமைகளில் காய்ச்சலோ, வட்டமாகப் பரவும் சிவப்புத் தழும்போ வந்தால் வைத்தியரிடம் போகும்போது எந்த ஏரிக்கு எந்தத் தேதியில் போனீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.