வளைந்த அகலத்திரை வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரணத் திரையைவிட அகலம் கூடிய, வளைந்த கணினித்திரையான வளைந்த அகலத்திரை ஒன்று கடையில் அடக்கமாகத் தெரிவதும், வீட்டு மேசைக்கு வந்ததும் அறையையே அடைத்துக்கொள்வதும் வழக்கமாக நடப்பவை. சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர், ஃபுனான் போன்ற கடைத்தொகுதிகளில் நாம் 2 மீட்டர் தள்ளி நின்று, பளிச்சென்று ஓடும் காணொளியைப் பார்க்கிறோம். வீட்டிலோ 60 செண்டிமீட்டர் தொலைவில் அமர்ந்து, அசையாத எழுத்துகளையும் கட்டங்களையும் நாள் முழுவதும் படிக்கிறோம். இத்தகைய திரையை மதிப்பிடுவதில் நேரும் தவறுகள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாததால் வருபவைதாம்.

முதல் தவறு, மூலைக்கு மூலை அளந்து சொல்லப்படும் அங்குலத்தை நம்புவது. 34 அங்குல அகலத்திரையின் உயரம் ஏறத்தாழ 33 செண்டிமீட்டர்தான்; அது சாதாரண 27 அங்குலத் திரையின் உயரமே. கூடுவது அகலம் மட்டும்: 27 அங்குலத் திரை சுமார் 60 செண்டிமீட்டர் அகலம் என்றால், 34 அங்குல அகலத்திரை சுமார் 80 செண்டிமீட்டர். ஆகவே ஏற்கெனவே 32 அங்குலச் சாதாரணத் திரையைப் பயன்படுத்தி வருபவர், ‘இரண்டு அங்குலம் பெரியது’ என்று எண்ணி 34 அங்குல அகலத்திரைக்கு மாறினால், ஏறத்தாழ 6 செண்டிமீட்டர் உயரத்தை இழப்பார். நீண்ட ஆவணங்களையும் நிரல்களையும் மேலும் கீழும் உருட்டிப் படிப்பவருக்கு அது சிறிய இழப்பன்று. கணக்கேடுகளை அகலவாக்கில் விரித்துப் பார்க்கும் கணக்காளருக்கும், நேரக்கோட்டை நீட்டி வைத்துக் காணொளி தொகுப்பவருக்கும் அதே வடிவம் பெரிய வசதி. யாருடைய வேலைக்கு எந்த வடிவம் என்பதை முடிவு செய்யாமல் விலைப்பட்டியலைத் திறப்பதில் பயனில்லை.

அடுத்தது மேசை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் சிறிய படுக்கையறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடம் விட்டபின் போடக்கூடிய மேசை பெரும்பாலும் 60 செண்டிமீட்டர் ஆழம் கொண்டதாகவே இருக்கும். திரையின் தாங்கி அதில் 20 முதல் 30 செண்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும். மேசை சுவரோடு ஒட்டியிருந்தால் திரையைப் பின்னால் தள்ளவும் வழியில்லை. இதைத் தெரிந்துகொள்ளச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. பழைய அட்டைப்பெட்டி ஒன்றை 80 செண்டிமீட்டர் அகலமும் 34 செண்டிமீட்டர் உயரமுமாக வெட்டி, தாங்கி வரக்கூடிய இடத்தில் நிமிர்த்தி வைத்து, விசைப்பலகையையும் முன்னால் வைத்து, வழக்கமான நாற்காலியில் அமர்ந்து பாருங்கள். நெற்றியிலிருந்து அட்டை வரையுள்ள தொலைவை அளவு நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு எண் கையில் இல்லாமல் வளைவைப் பற்றிப் பேசுவது வீண்.

வளைவைப் பற்றிய குழப்பமே மிகுதி. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1000ஆர், 1500ஆர், 1800ஆர் போன்றவை வளைவின் ஆரத்தை மில்லிமீட்டரில் சொல்பவை. 1000ஆர் திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி முழு வட்டம் ஆக்கினால், நடுவில் நிற்பவருக்கும் திரைக்கும் இடையே 1 மீட்டர் இருக்கும். எண் குறையக் குறைய வளைவு கூடும். பெரிய எண் பெரிய வளைவு என்று எண்ணி வாங்கியவர்கள் உண்டு.

வளைவு இருப்பதால் திரையின் ஓரங்கள் கண்ணுக்கு வெகுவாக நெருங்கி வந்துவிடும் என்று விளம்பரங்கள் உணர்த்துகின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. 80 செண்டிமீட்டர் அகலமுள்ள தட்டைத் திரையின் நடுவிலிருந்து 60 செண்டிமீட்டர் தள்ளி அமர்ந்தால், அதன் ஓரம் கண்ணிலிருந்து சுமார் 72 செண்டிமீட்டரில் இருக்கும். அதே அகலத்தை 1800ஆர் அளவில் வளைத்தால் அது சுமார் 68 ஆகும். 1000ஆர் அளவில் வளைத்தால் சுமார் 65. அதாவது தொலைவில் கிடைக்கும் ஆதாயம் சில செண்டிமீட்டர்களே. உண்மையான ஆதாயம் பார்வைக் கோணத்தில் இருக்கிறது. தட்டைத் திரையின் ஓரத்தை நாம் சுமார் 34 பாகை சாய்வில் பார்க்கிறோம். 1800ஆர் திரையில் அது சுமார் 23 பாகையாகவும், 1000ஆர் திரையில் சுமார் 14 பாகையாகவும் குறைகிறது. திரைக்குள் படத்தைக் காட்டும் பாகமான பலகைகளில் பல வகை உண்டு; சாய்ந்து பார்த்தால் நிறம் வெளிறும் விஏ வகைப் பலகைகளுக்கு இது பெரிய உதவி. அவ்வகைப் பலகைகளே வளைந்த திரைகளில் அதிகம் காணப்படுவதால், வளைவு அவற்றின் குறையை ஓரளவு மறைக்கிறது என்றுகூடச் சொல்லலாம். சாய்வைப் பொறுத்துக்கொள்ளும் ஐபிஎஸ் பலகையில் 34 அங்குல அளவுக்கு வளைவு கட்டாயமில்லை என்பது என் கருத்து. 29 அங்குலத்தில் அது அலங்காரமே.

ஆனால் 49 அங்குலத் திரைக்கு வரும்போது நிலைமை தலைகீழ். இரண்டு 27 அங்குலத் திரைகளை இணைத்ததற்கு ஒப்பான அதன் அகலம் ஏறத்தாழ 120 செண்டிமீட்டர். அது தட்டையாக இருந்தால் ஓரத்தை 45 பாகைச் சாய்வில் பார்க்க நேரும். அங்கே வளைவு தேவைதான். அதற்கான விலையும் இருக்கிறது: 1000ஆர் வளைவில் அத்தகைய திரையின் இரு ஓரங்களும் நடுப்பகுதியைவிட 17 செண்டிமீட்டருக்கு மேல் முன்னோக்கி வந்து நிற்கும். 60 செண்டிமீட்டர் ஆழமுள்ள மேசையில் தாங்கியின் இடம், அந்த 17 செண்டிமீட்டர், விசைப்பலகை ஆகிய மூன்றையும் வைத்த பிறகு காப்பிக் கோப்பைக்குக்கூட இடம் தேட வேண்டியிருக்கும்.

கட்டடக்கலை வரைபடம், பக்க வடிவமைப்பு, நிழற்படத் திருத்தம் ஆகியவற்றில் ஈடுபடுவோர் வேறொன்றையும் பார்க்க வேண்டும். வளைந்த திரையில் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் ஓடும் கிடைக்கோடுகள் வில்லாகத் தெரியும். சில நாள்களில் கண் பழகிவிடும் என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் கோடு நேராக இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வதே தொழிலாக உள்ளவர் அந்தப் பழக்கத்தை நம்பியிருக்கக் கூடாது. அவருக்குத் தட்டைத் திரையோ, 3800ஆர் போன்ற மென்மையான வளைவோ பொருந்தும்.

இனி எழுத்தின் தெளிவு. 34 அங்குலத்தில் மலிவாகக் கிடைக்கும் 2560 × 1080 திரைகளில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 82 படப்புள்ளிகளே உண்டு. 3440 × 1440 திரையில் சுமார் 110. ஆங்கில எழுத்துகளை வைத்துச் சோதிப்பவருக்கு முதலாவதும் பரவாயில்லை என்று தோன்றலாம். தமிழில் மின்னஞ்சலும் அறிக்கையும் எழுதுபவர், தமிழ் முரசு இணையப் பக்கம் ஒன்றைக் கடைத்திரையில் திறந்து, அமர்ந்து பார்க்கும் தொலைவுக்கு முகத்தைக் கொண்டுபோய், வழக்கமான எழுத்தளவில் படிக்க வேண்டும். இரண்டு சுழி ‘ன’வும் மூன்று சுழி ‘ண’வும் தயங்காமல் பிரிந்து தெரிகின்றனவா, ‘ஞ்’ மேலுள்ள புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். அடர்த்தி குறைந்த திரையில் முதலில் குழம்புபவை இவைதாம். மேக் கணினி வைத்திருப்போர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்; எழுத்துகளின் விளிம்பை உட்புள்ளிகளின் (ஒவ்வொரு படப்புள்ளிக்குள்ளும் உள்ள சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளின்) உதவியால் மென்மையாக்கும் முறையை ஆப்பிள் தன் இயங்குதளத்தின் 2018ஆம் ஆண்டு மொஹாவி பதிப்பில் கைவிட்டதால், 110 புள்ளி அடர்த்தியுள்ள திரையிலும் எழுத்து சற்றுத் தடித்தோ மங்கியோ தெரியக்கூடும். சுமார் 140 அடர்த்தி தரும் 40 அங்குல 5120 × 2160 திரைகள் அவர்களுக்கு நல்ல தீர்வு, விலை கட்டுப்படியானால்.

பலகை வகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். விஏ பலகை கருமையை ஆழமாகக் காட்டும். இருண்ட பின்னணியில் எழுத்தை வேகமாக உருட்டினால் நிழல் இழுபடும். ஐபிஎஸ் பலகையில் நிறம் நிலையாக இருக்கும், கருமை சாம்பல் தட்டும். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி பார்க்க அழகு. ஆனால் அதன் சில வகைகளில் உட்புள்ளிகளின் அமைப்பு வழக்கத்துக்கு மாறாக இருப்பதால் எழுத்துகளின் ஓரத்தில் மெல்லிய நிறக்கோடு தெரியும். நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும் பணிப்பட்டையும் கணக்கேட்டுக் கட்டங்களும் நாளடைவில் தழும்பாகப் பதியும் வாய்ப்பும் உண்டு. இரவில் விளையாடுபவருக்கு நான் ஓஎல்இடியைப் பரிந்துரைப்பேன். காலை முதல் மாலை வரை எக்செல் திறந்து வைத்திருப்பவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

திரையை மட்டும் ஆராய்ந்துவிட்டு, அதில் இணைக்கப்போகும் கணினியை மறப்பது அடிக்கடி நேரும் தவறு. அலுவலகம் தந்த பழைய மடிக்கணினியில் எச்டிஎம்ஐ 1.4 என்ற பழைய படஇணைப்பு மட்டுமே இருந்தால், 3440 × 1440 திரை பொதுவாக நொடிக்கு 50 முறை புதுப்பிப்போடு நின்றுவிடும். சுட்டி கனமாக நகர்வதுபோல் தோன்றும். யூஎஸ்பி-சி ஒரே கம்பியில் படமும் மின்சாரமும் தரும் என்பது உண்மை, ஆனால் எத்தனை வாட் என்று பார்க்க வேண்டும். மெல்லிய மடிக்கணினிக்கு 65 வாட் போதும். பெரியவற்றுக்கு 90 வாட்டாவது வேண்டும், இல்லையெனில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மின்கலம் இறங்கும். பகலில் அலுவலகக் கணினி, மாலையில் சொந்தக் கணினி என்று மாற்றுபவர், ஒரே விசைப்பலகையை இரண்டுக்கும் பகிர உதவும் கேவிஎம் வசதி உள்ள திரையைத் தேடுவது நல்லது. எம்1, எம்2 சில்லு கொண்ட மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளித்திரையைத்தான் நேரடியாக ஏற்கும் என்பதால், அதை வைத்திருப்பவருக்கு இரண்டு திரைக்குப் பதில் ஓர் அகலத்திரை என்பது உண்மையிலேயே பொருத்தமான தேர்வு.

கூட்டங்களில் திரையைப் பகிர்வதை வாங்குமுன் யாரும் நினைப்பதில்லை. முழு அகலத்திரையையும் பகிர்ந்தால், எதிரே 14 அங்குல மடிக்கணினியில் பார்ப்பவருக்கு அது நடுவில் ஓடும் ரிப்பன் போலத் தெரியும். எண்கள் படிக்க முடியாத அளவு சுருங்கும். ஆகவே சாளரத்தை மட்டும் பகிரும் பழக்கம் வேண்டும். அதோடு, இரண்டு திரை வைத்திருப்பவருக்கு ஒன்றில் பகிர்வு, மற்றொன்றில் குறிப்பு என்று தானாகவே கிடைக்கும் பிரிவு, ஓர் அகலத்திரையில் தானாகக் கிடைக்காது. விண்டோஸ் 11இல் விண்டோஸ் விசையுடன் இசட் விசையை அழுத்தினால் மூன்று பத்திகளாகப் பிரிக்கும் அமைப்புகள் வரும். அதற்கு மேல் நுணுக்கமாகப் பிரிக்கும் மென்பொருள்களை அலுவலகக் கணினியில் நிறுவ அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றாடப் பயன்பாட்டில் ஏமாற்றம் தருவது படம் பார்ப்பது. யூடியூப் காணொளி பெரும்பாலும் 16:9 வடிவில் இருப்பதால் 3440 புள்ளி அகலத்தில் 2560 மட்டுமே பயன்படும். இருபுறமும் 440 புள்ளிகள் கருப்பாக நிற்கும். தமிழ்த் திரைப்படங்கள் பல அகல வடிவில் எடுக்கப்படுவதால் அவை திரையை நிறைக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் மேலும் கீழும் கருப்புப் பட்டையைச் சேர்த்தே ஒளிபரப்பும் சேவைகளில், அந்தப் படம் நாலாபுறமும் கருப்புச் சட்டத்துக்குள் சிறியதாக அமர்ந்திருக்கும். குடும்பத்தோடு பார்ப்பதற்கோ கடுமையாக வளைந்த திரை பொருந்தவே பொருந்தாது. நடு இருக்கை ஒருவருக்குத்தான்.

நம் ஊரின் வெளிச்சத்தையும் மறக்கக் கூடாது. தட்டைத் திரையில் ஒரு வெண்புள்ளியாகத் தெரியும் விளக்கு, வளைந்த திரையில் அகலவாக்கில் நீண்ட பட்டையாகப் பரவும். சன்னலுக்கு முதுகு காட்டி அமர்வதைவிட, சன்னல் பக்கவாட்டில் வருமாறு மேசையைப் போடுவது நல்லது. மேற்கு பார்த்த அறையென்றால் திரைச்சீலைக்கும் சேர்த்துச் செலவைக் கணக்கிடுங்கள்.

விலையை ஒப்பிடும்போது, வெளிநாட்டு இணையக் கடையில் காட்டும் தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 400 வெள்ளிக்கு மேற்பட்ட பொருளுக்கு இறக்குமதியின்போது 9% பொருள் சேவை வரி உண்டு. அந்தத் திரைக்கு இங்கே உத்தரவாதச் சேவை கிடைக்குமா என்பது தனிக் கேள்வி. உத்தரவாத அட்டையில் சில படப்புள்ளிகள் செயலிழந்திருந்தால் மாற்றித் தர மாட்டோம் என்று நிறுவனங்கள் பலவும் எழுதியிருக்கும். எத்தனை என்பதை வாங்குமுன் படியுங்கள். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள, குறையுள்ள பொருள்களுக்கான ‘லெமன்’ சட்டத்தின்படி, பொருளைப் பெற்ற 6 மாதத்துக்குள் வெளிப்படும் குறை, பொதுவாக, பெற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். கடையிலிருந்து வாங்கிய பழைய பொருளுக்கும் அது செல்லும். கேரோசெல் இணையச் சந்தையில் தனிநபர் ஒருவரிடம் வாங்கியதற்குச் செல்லாது. ஆகையால் தனிநபரிடம் வாங்கப் போகிறவர் மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோய், வெள்ளை, கருப்பு, சாம்பல் ஆகிய மூன்று வெற்றுப் படங்களைத் திரை முழுவதும் விரித்துப் பார்த்துவிட்டே பணத்தைக் கொடுக்க வேண்டும். வெள்ளையில் செத்த புள்ளிகளும், கருப்பில் ஓரங்களில் கசியும் ஒளியும், சாம்பலில் ஓஎல்இடியின் தழும்புகளும் தெரிந்துவிடும்.