தனுஷ்கோடியைப் பழைய பத்திரிகைகளில் தேடும் முறை

தனுஷ்கோடியைப் புயல் அழித்த நாளுக்கு எங்கள் அப்பத்தா ஆங்கிலத் தேதி சொன்னதே இல்லை. “குரோதி வருஷம், மார்கழி மாதம், செவ்வாய்க்கிழமை ராத்திரி” என்பார். தேடலை நான் அங்கிருந்துதான் தொடங்கினேன். நீங்களும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கணக்கிலிருந்தே தொடங்குங்கள். தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். குரோதி 1904, 1964, 2024 சித்திரைகளில் பிறந்தது. மார்கழிப் பிற்பாதியிலிருந்து பங்குனி வரை நடந்த காரியமானால் ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். பலர் தவறுவது இங்கேதான்.

அப்பத்தாவின் கணக்கு 1964 டிசம்பர் 22 என்று வருகிறது. மறுநாள் இதழைப் பார்த்து ஏமாறாதீர்கள். பாம்பனுக்கு அப்பால் தொடர்பே அறுந்துபோனதால் செய்தி வெளியே வரவே நாளாயிற்று. 24ஆம் தேதியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை ஒவ்வோர் இதழாகத் திருப்புங்கள்.

பழைய இந்தியன் எக்ஸ்பிரஸ் பக்கங்கள் கூகுள் செய்தி ஆவணத்தில் உள்ளன. அங்கே சொல் போட்டுத் தேடுவதைவிடத் தேதியைப் பிடித்துப் போவதே பலன் தரும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நாளிதழ்த் தளத்தில் சொல்தேடல் நன்றாக வேலை செய்கிறது. தமிழ் முரசும் அங்கே உண்டு. ஆஸ்திரேலியாவின் ட்ரோவ் என்ற இணையதளத்தில் பெரும்பாலான நாளிதழ்கள் 1954 வரைதான். கான்பெரா டைம்ஸ் அதற்குப் பிறகும் கிடைக்கும். அந்தப் புயல் இலங்கையைக் கடந்துதான் நம் கரைக்கு வந்தது. ஆகவே ஈழத்து இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் ‘நூலகம்’ என்ற இணையதளத்தை விட்டுவிடாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

இனி எழுத்துக்கூட்டல். இதற்குப் பொறுமை வேண்டும். ஆங்கிலத்தில் தனுஷ்கோடியை ‘எச்’ சேர்த்தும் சேர்க்காமலும் தேடுங்கள். மாவட்டத்துக்கு ராம்நாட், இலங்கைக்குச் சிலோன். தமிழில் ராமேஸ்வரம், இராமேசுவரம், ராமேச்சுரம் என மூன்றையும் போட்டுப் பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, ‘னை’, ‘றா’ வடிவங்களைக் கணினி பல நேரம் தவறாகப் படிக்கும். அதனால் ‘தலைமன்னார்’ அகப்படாவிட்டால் ‘பாம்பன்’ போல அந்த மாதிரி எழுத்துகள் இல்லாத சொல்லைப் போட்டுத் தேடுங்கள்.

கிடைத்த செய்தியை மட்டும் வெட்டி எடுக்காமல் முழுப் பக்கத்தையும் சேமியுங்கள். இதழின் பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே வையுங்கள். ஒருநாள் அச்சான பலி எண்ணிக்கையை முடிவாகக் கொள்ளாதீர்கள். கடல் கொண்டுபோன 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை இன்றும் ஆளுக்கொரு விதமாகத்தான் சொல்கிறார்கள்.

நான் பார்த்த பக்கங்களில் ரயிலைப் பற்றி நிறைய இருந்தது. மணல்மேட்டில் குடிசை போட்டிருந்த எங்கள் ஆட்கள் ‘மீனவர்கள்’ என்ற ஒரே சொல்லில் முடிந்துபோனார்கள். அப்பத்தா சொல்லக் கேட்ட பதினொரு பெயர்களை, அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.